ஸ்கோப் ரிப்பேர்

“உண்மையைச் சொல்லு, நீதானே இந்த ஸ்கோப்புல கை வெச்ச?”

டிரைவர் ரைபிளை மணல் மூட்டை மேல் வைத்துவிட்டு மனைவியை முறைத்தார். அவள் பெஞ்சின் ஓரத்தில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் ஏங்க அதைத் தொடப்போறேன்? பீரோவுல வெச்சுப் பூட்டி, சாவியோட திரியறது நீங்க.”

“அப்ப இதுக்கு என்ன கேடு? பிரிச்சு மூணு வாரம்கூட ஆகலை!”

பஸ் கம்பெனி ஊழியர்களின் துப்பாக்கி சுடும் கிளப் அது. அடுத்த ஞாயிறு அணித் தேர்வு. பல வருடங்களாக டிரைவர்தான் கேப்டன். இந்த முறை அந்த இடத்துக்கு ஸ்டோர்கீப்பர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவனிடம் போய்த் தோற்பதா என்றுதான் டிரைவர் தன் பழைய பாயிண்ட் டூ டூ ரைபிளுக்குக் குறிபார்க்கும் புது ஸ்கோப் வாங்கி மாட்டினார்.

மாட்டினால் மட்டும் போதாது. சுட்டுப் பார்த்து, தோட்டா எந்தப் பக்கம் தப்புகிறதோ அதற்கேற்ப ஸ்கோப்பின் திருகைத் திருப்பி, குறுக்குக் கோடு காட்டும் இடத்திலேயே தோட்டாவும் விழும்படி செய்ய வேண்டும். மற்றவர்கள் ஒரு காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடும் வேலை. டிரைவர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக மாரடித்துக்கொண்டிருந்தார்.

காலையில் முதலில் சுட்டதெல்லாம் இடது பக்கம் போனது. வலது பக்கம் திருகினார். அடுத்த சுற்றில் ஒன்று வலது ஓரம், ஒன்று கீழே, மீதியெல்லாம் அட்டையிலேயே இல்லை.

“ஒரு பக்கமாத் தப்பினா திருகலாம். நாலு பக்கமும் போனா எதைத் திருகறது? என் தலையையா?”

பக்கத்து பெஞ்சிலிருந்து ஸ்டோர்கீப்பர் எட்டிப் பார்த்தார். “என்ன கேப்டன், அட்டையை விட்டுட்டு மண்மேட்டைச் சுடறீங்க? மண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?”

“உன் வாய்க்கு ஒரு திருகு இருந்தா முதல்ல அதைத்தான்யா திருகுவேன்!”

ஸ்கோப்பைப் பிடித்திருந்த திருகாணிகளை மறுபடி முடுக்கினார். தோட்டாவை மாற்றிப் பார்த்தார். எழுந்து, உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துச் சுட்டார். எதுவும் சரிப்படவில்லை. ஆத்திரத்தில் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

“குறுக்குக் கோடே ஒழுங்காத் தெரியலை. மட்டமான சரக்கை என் தலையில கட்டிட்டான் அந்தக் கடைக்காரன்!”

“என்னங்க, இந்த மாதிரி விஷயமெல்லாம் தெரிஞ்ச ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன்,” என்றாள் மனைவி மெதுவாக. “ரொம்பக் கைராசிக்காரராம்.”

டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “துப்பாக்கியைக் கண்டாலே உனக்குப் பத்திக்கிட்டு வருமே. இன்னிக்கு என்ன புது அக்கறை? வராதவ கூடவே வேற வந்து உட்கார்ந்திருக்க.”

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். ஸ்டோர்கீப்பரின் மனைவியோடு இவள் காலையில் போனில் குசுகுசுத்தது டிரைவருக்கு நினைவுக்கு வந்தது. சந்தேகம் வலுத்தது.

வந்தவர் ஒல்லியான ஆள். தோளில் சின்னப் பை. டிரைவர் தோட்டாவை எடுத்துவிட்டு, ஸ்கோப்பைத் தனியாகக் கழற்றி நீட்டினார். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல அந்த அட்டையைப் பாருங்க. எப்படித் தெரியுது?”

“பனி மூடின மாதிரி இருக்கு.”

“இன்னொரு கண்ணால பாருங்க.”

“அதுலயும் அப்படித்தான். ஸ்கோப் கோளாறுன்னா எந்தக் கண்ணால பார்த்தா என்னய்யா?”

அவர் சின்ன டார்ச்சை எடுத்து ஸ்கோப்புக்குள் அடித்தார். பிறகு டிரைவரின் முகத்திலும் அடித்தார்.

“என் மூஞ்சில என்னய்யா தேடற? ரிப்பேர் தெரியுமா, தெரியாதா?”

வந்தவர் டார்ச்சை அணைத்துவிட்டு டிரைவரின் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

“ஸ்கோப்புல ஒரு குறையும் இல்லை சார். நான் ரிப்பேர்காரன் இல்லை, கண் டாக்டர். முழுசா டெஸ்ட் பண்ணணும். ஆனா ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கறது இங்கேயே தெரியுது. ஆபரேஷன் முடியற வரைக்கும் நீங்க பஸ் எடுக்கக் கூடாது.”

டிரைவர் மனைவி பக்கம் திரும்பிக் கத்தினார்.

“ஓகோ, எல்லாரும் சேர்ந்து நாடகமா ஆடறீங்க? என்னைக் கவுத்துட்டு அவனைக் கேப்டனாக்கவா? கண்ணு கெட்டுப்போச்சாம்! கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து ஸ்டீயரிங் பிடிக்கறேன்டி நான். இன்னிக்கு வரைக்கும் ஒரு ஆள் மேல உரசினேன்னு எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்!”

ஸ்டோர்கீப்பர்கூடச் சுடுவதை நிறுத்திவிட்டார். மனைவி எழுந்து டிரைவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நேத்து சிக்னல்ல உங்க பஸ் இடிக்கப் பார்த்தது என்னைத்தாங்க.”