பூவை மொட்டாக்கியவன்

எங்கள் அலுவலகத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் இரங்கல் வாசகம் எழுதுவது நான்தான். அன்று காலை தணிகாசலத்தின் மகள் இறந்த செய்தி வந்ததும், ‘இறைவன் தனக்குப் பிடித்த பூவைத்தான் முதலில் பறிக்கிறான்’ என்று எழுதினேன். பிள்ளைக்கு ஒன்பது வயதுதான் என்றார்கள். பூவை அழித்துவிட்டு மொட்டு என்று மாற்றினேன். அந்தத் திருத்தத்தில் எனக்கு ஒரு திருப்தி. தூ! வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பேர் ‘அருமை சார்’ என்று போட்டார்கள். தணிகாசலத்துக்குத் தனியாகவும் அனுப்பினேன். மாலைவரை நீலக்குறி விழவில்லை.

அவர் வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பெட்டியின் கண்ணாடியில் நீர் பூத்துக்கொண்டே இருந்தது. பிள்ளையின் முகம் மறையும்போதெல்லாம் துண்டால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தேன். வேறு ஏதோ கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

“காலையில ஒரு மெசேஜ் போட்டிருந்தேனே, பாத்தீங்களா?”

“ஐயோ, இல்ல சார். தப்பா நெனச்சுக்காதீங்க. இதோ பாத்துடறேன்.”

துண்டைக் கீழே வைத்தார். ஈர விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டு, குவிந்து கிடந்த செய்திகளுக்குள் என்னுடையதைத் தேடினார். பெட்டிக் கண்ணாடியை நீர் மூடத் தொடங்கியது. அவர் உதடசைத்து முழுவதும் படித்தார்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார்.”

சொன்னதோடு விடாமல், மரியாதைக்காகப் போனிலும் எதையோ தட்டினார்.

அதற்குள் முகம் முழுவதும் மறைந்துவிட்டது. துண்டு என் காலடியில்தான் கிடந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.