செத்தவன் சட்டை

1984 தை மாதம், கோட்டுச்சேரிமேட்டில் மீனவர் அரசப்பன் வீட்டுக் கொடியில் ஒரு நீல ஜாக்கெட் காய்ந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுப் பழந்துணி மூட்டையில் கிடைத்தது. பனிக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போவார்.

தபால்காரர் நடராசன் விண்வெளி வீரர்களின் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டிச் சேர்ப்பவர். தபால் கொடுக்க வந்தவர் ஜாக்கெட்டின் உள்ளே தைத்திருந்த பெயரைப் படித்ததும், அது ஒரு விண்வெளி வீரரின் பெயர் என்று கண்டுகொண்டார்.

"குஞ்சம்மா, இது செத்தவன் சட்டை. பொணத்துலேர்ந்து கழட்டி அனுப்புறானுவ. எங்கிட்ட குடுத்துடு, புதுசா கம்பளிச் சட்டை தர்றேன்."

அரசப்பன் மனைவி குஞ்சம்மாள் முகம் வெளுத்தாள். "அவரு வரட்டும் சார், கேட்டுச் சொல்றேன்."

சொன்ன பொய் நடராசனை உறுத்தியது. கடையிலேயே உசத்தியான கம்பளிச் சட்டையாக வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் போனார்.

"நேத்து அமாவாசைங்க. எள்ளும் தண்ணியும் எறைச்சு, சட்டையைக் கடல்ல விட்டுட்டுத் தலைமுழுகிட்டாரு. யாரு பெத்த புள்ளையோ பாவம். இன்னைக்கு வெறும் உடம்போடதான் போயிருக்காரு."

அந்தப் பெயருக்குரியவர் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பியவர், இன்றும் இருப்பவர். நடராசன் அதைச் சொல்லாமல் கம்பளிச் சட்டையை நீட்டினார்.

"இது யாரோடதுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் குஞ்சம்மாள் வாங்கிக்கொண்டாள்.