பதினாலு படி

"படி எத்தனைங்க?"

போன்ல அந்தம்மா கேட்ட மொதக் கேள்வியே இதான்.

எங்க லாட்ஜுக்கு ரோடு கிடையாது. தண்ணியில இறங்குற குட்டி பிளேன்லதான் வரணும். ஒண்டாரியோவுல வடக்கால, ஏரிக்கரைக் காடு. வர்றவங்க மீனு எவ்ளோ பெருசுன்னு கேப்பாங்க. பயந்தாங்கொள்ளிங்க கரடி வருமான்னு கேப்பாங்க. படியை யாரும் கேட்டதில்ல.

"எந்தப் படிம்மா?"

"படகுத்துறையிலேர்ந்து ரூமுக்கு ஏறுற படி. கைப்பிடி இருக்கா? பாத்ரூம் உள்ளயேவா? ராத்திரி பூரா லைட் எரியுமா?"

"எரியும்மா. கொசு வந்து தாலாட்டும் பாடும். அதுக்குத் தனி சார்ஜ் இல்ல."

சிரிக்கவே இல்ல.

"மூணு லாட்ஜுல கேட்டுட்டேன். எண்ணிச் சொல்ல ஒருத்தருக்கும் பொறுமை இல்ல. நீங்க எண்ணிச் சொன்னா உங்க இடம்தான்."

எனக்கும் பொறுமை இல்லதான். ஆனா முதலாளி பக்கத்துல நின்னுட்டிருந்தாரே! அது மே மாசம், ஏரியில ஐஸ் அப்பதான் உருகியிருக்கு. சேத்துல சறுக்கிக்கிட்டே போயி எண்ணினேன்.

"பதினாலு படி. மேல ஏறி ஒன்பது அடி வச்சா இடது கைப் பக்கம் கதவு. போதுமா?"

"கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்கு?"

"நான் நடந்தா ஆறு அடி. மகாராணி நடந்தா எட்டு."

"எட்டுன்னே எழுதிக்கறேன்"னு வச்சுட்டா.

ஜூலையில வந்து இறங்கினாங்க. அயோவாவுல சோளம் போடுற குடும்பம். லோவல்னு ஒரு பெரியவர், எழுபத்தெட்டு வயசு. அவர் பசங்க கர்ட்டும் டேரலும். அப்புறம் கர்ட்டோட பொண்டாட்டி ஜனெல், நம்ம மகாராணி.

நான் பிளேனைக் கயித்துல கட்டிக்கிட்டிருக்கேன், டேரல் புலம்ப ஆரம்பிச்சுட்டான்.

"இருபது வருஷமா பக்கத்து ஏரியில மரக் கொட்டாய்லதான் தங்குவோம். கக்கூஸுக்குக் காட்டுக்குள்ள நடக்கணும். எலியோட படுக்கணும். அதுல ஒரு சுகம்! இந்த வருஷம் அண்ணிக்கு வெந்நீர் வேணுமாம், மெத்தை வேணுமாம்."

"நீ இதுக்கே அலுத்துக்கறியே," கர்ட் தலையில அடிச்சுக்கிட்டான். "ரெண்டு மாசமா சாப்பாட்டு மேசையில இதே பாட்டுதான். பதினாலு படியா, நான் எப்படி ஏறுவேன், மேல வேற ஒன்பது அடி நடக்கணுமான்னு. எங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"வாங்க மகாராணி! பல்லக்கு ரிப்பேர்ல இருக்கு. இன்னிக்கு ஒருநாள் நடந்து வந்துடுங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. ஜனெல் பையைத் தூக்கிக்கிட்டு முதல் ஆளா விறுவிறுன்னு ஏறிப் போயிட்டா. பசங்க ரெண்டு பேரும் சாமான் இறக்கத் திரும்பினாங்க.

நான் பெரியவருக்குக் கை நீட்டினேன்.

"எனக்கு எதுக்குப்பா கை? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இந்த மாதிரிப் படி நூறு ஏறியிருக்கேன்."

கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு கம்பீரமா ஏறினார். பொட்டியைத் தூக்கிக்கிட்டு நான் பின்னால. அவர் உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

திடீர்னு, சமதரையில நடக்கற மாதிரி காலை வீசி வச்சார். முன்னால இன்னும் படி இருக்கு. முழங்கால் இடிச்சு அப்படியே சாஞ்சார். பொட்டியைப் போட்டுட்டு அவரோட பேன்ட்டு வாரைப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன்.

"பதினாலுன்னுதானே சொன்னா?"ன்னு முனகினார்.

எனக்கு சுருக்குன்னுச்சு. மே மாசம் பனி உருகின தண்ணி, ஏரி ரொம்பி நிக்கும். ஜூலையில தண்ணி இறங்கிடும். வருஷா வருஷம் அடியில ரெண்டு படி சேர்த்து ஆணி அடிப்போம். பல்லு வெளக்கற மாதிரி ஒரு வேலை. அதைப் போயி யாருகிட்ட சொல்றது?

"ஐயா, உங்களுக்குக் கண்ணு...?"

"சத்தம் போடாத." என் கையை இறுக்கிப் புடிச்சார். "நடுவுல ஒண்ணும் தெரியல. ஓரத்துல கொஞ்சம் தெரியுது. வீட்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அடுத்த வருஷம் என்னை சோபாவுல உக்கார வச்சுட்டு இவனுங்க மட்டும் மீன் புடிக்க வந்துடுவானுங்க."

"மருமகளுக்குக் கூடத் தெரியாதா?"

"அவளுக்கா?" சிரிச்சுட்டார். "அவளுக்கு அவ சொகுசுதான் தெரியும். நல்லவேளை, எதையெடுத்தாலும் எண்ணி எண்ணிப் புலம்புவா. அந்தப் புலம்பலைக் கேட்டுத்தான் என் வண்டியே ஓடுது. பாவம், அவளுக்கே தெரியாது."

"அப்பா, என்னாச்சு?" கீழேர்ந்து டேரல்.

நான் ஏதாவது புளுகலாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள மேலேர்ந்து ஒரே கத்தல்.

"என்ன ஆகணும்? பதினாலுன்னு சொல்லி ஏமாத்திட்டான் அந்த ஆளு! பதினாறு இருக்கு! ஒன்பது அடி மட்டும்தான் சரி. அதுலயும் கதவுகிட்ட கட்டை ஒண்ணு நீட்டிக்கிட்டிருக்கு. நான் எப்படித் தாண்டறது?"

"ஆரம்பிச்சுட்டா"ன்னான் கர்ட்.

பெரியவர் என்னைப் பாத்துக் கண்ணடிச்சார். எந்திரிச்சார். ரெண்டு படி ஏறினார். ஒன்பது அடி வச்சார். இடது பக்கம் திரும்பி, கட்டைகிட்ட அளவா காலைத் தூக்கி உள்ள போனார்.

அதுவரைக்கும் மகாராணி என்னைத் திட்டிக்கிட்டேதான் இருந்தா. கண்ணு மட்டும் பெரியவரோட காலை விட்டு நகரவே இல்ல.