எடுத்துக்கொடுத்தவள்

சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், வெறுப்பு எங்கே பற்றுகிறது என்பது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மானுடம் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

கண்டுபிடித்தவள் கல்யாண மண்டபத்தில், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழக ஆய்வாளர். கைப்பைக்குள் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

மேடையில் மண்மானம் காக்கும் பேரவையின் தலைவர் தணிகாசலம். அவரைவிட மாலைக்குக் கனம் அதிகம்.

அவர் பேசிய பேச்சையெல்லாம் அவள் கேட்டு எழுதியிருக்கிறாள். இருமலைக்கூட விடவில்லை.

மணிக்கணக்காக அவர் கத்துவதால் ஒன்றும் ஆகாது. கூட்டம் கொட்டாவி விடும். சில ஊர்களில் மட்டும் கடைசியில் அதே ஒரு வாக்கியம் வரும். அது வந்த ஊரில் கூட்டம், அக்கரையிலிருந்து வந்து குடியேறியவர்களின் தெருவுக்கு நேரே போகும். வராத ஊரில் பந்திக்குப் போகும்.

இதுதான் அவள் கண்டுபிடிப்பு.

இந்த ஊரில் அந்தத் தெரு, மண்டபத்தின் பின்சுவரை ஒட்டியே இருந்தது. காலையில் அங்கேதான் இட்லி சாப்பிட்டாள். கடைக்காரி செவ்வந்தி இன்னொரு கரண்டி சட்னியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“மண்டபத்துல என்னக்கா, கல்யாணமா?”

ஆமாம் என்று சொல்லிவைத்தாள். ஆய்வாளர் களத்தில் தலையிடக் கூடாது.

தலைவர் கடைசிக்கு வந்துவிட்டார்.

“நம்ம கெணத்துல அவன் நெழலு விழுந்தா…”

நின்றார்.

வாய் திறந்தபடியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்தவர் சோடாவை நீட்டினார். தலைவர் அதை யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.



சாம்பார் வாசனை வந்தது. பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. சிலர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்திப் பக்கம் திரும்பினார்கள்.

தெரு பிழைத்தது என்று நினைத்தாள். நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் அரைகுறையாக நிற்கும் மேற்கோளை அவளால் ஒருநாளும் அப்படியே விட முடிந்ததில்லை.

“அவன் வீட்டுல வெளிச்சம் இருக்கக் கூடாது.”

யார் சொன்னது என்று அவளே திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் இருந்த பெண் அதைத் திருப்பிச் சொன்னாள். பிறகு அந்த வரிசை. பிறகு மண்டபம். சத்தமாகக்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

அப்புறம் எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள். செருப்பை மாற்றிப் போடாமல், பொறுமையாகத் தேடிப் போட்டுக்கொண்டு.

பந்தியில் போட்ட இலைகள் போட்டபடி கிடந்தன. சோற்றில் ஆவி பறந்தது. கரண்டியோடு நின்றவர் யாருக்குப் பரிமாறுவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

பின்சுவருக்கு அப்பால் ஒரு நாய் குரைத்தது.

பிறகு குரைக்கவில்லை.

தலைவர் தூணைப் பிடித்துப் பிடித்து அவளிடம் வந்தார்.

“நல்ல நேரத்துல எடுத்துக் குடுத்த, தாயி. வயசாயிருச்சு பாரு. ஒம் பேரென்ன?”

சொன்னாள். சொந்தப் பெயரையே சொன்னாள்.

அடுத்த கூட்டத்துக்கான நோட்டீஸ், அச்சுக்குப் போகுமுன் அவளிடம் வந்தது. சிறப்புரை என்று போட்டு, கீழே கொட்டை எழுத்தில் அவள் பெயர்.

பேனாவை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள்.

ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னாள். பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ விட்டுப்போயிருந்தது.