முன்பாரம்

"சத்தம் வராம நான் எதைப் பிடிக்கிறது தம்பி?" என்றார் மெக்கானிக் லாசர் அண்ணன்.

என் பைக்கின் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை இருபது தடவையாவது அமுக்கியிருப்பார். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் இறங்கியது, ஏறியது. கீச்சென்று ஒரு சத்தம் இல்லை.

தூசி ரப்பரை நெம்பித் தூக்கிப் பைப்பை விரலால் தடவினார். ஆயில் கசிவு இல்லை. வண்டியில் ஏறி, ஒத்தக்கடை ரோட்டில் இருக்கிற வேகத்தடை அத்தனையிலும் விட்டு ஏற்றித் திரும்பி வந்தார். வண்டி அவரிடம் அவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொண்டது.

என் மனைவி பாண்டீஸ்வரி, ஒர்க்‌ஷாப் பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். தினமும் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். ஒரு வாரமாகச் சத்தம், சத்தம் என்று நான் புலம்புவதைக் கேட்டவள், தனக்கு ஒரு நாளும் கேட்டதில்லையே என்றாள். அப்படி என்னதான் சத்தம் என்று பார்க்க இன்று கூடவே இறங்கிவிட்டாள்.

அவளுக்குக் கேட்காது. அவளை இறக்கிவிட்ட பிறகுதான் அது கேட்கும்.

அதற்குப் பிறகுதான் என் அண்ணன் மகள் டேங்க் மேல் ஏறுவாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அந்தப் பிள்ளைக்குக் காதுகுத்து. ஊசி ஏறியதும் வீறிட்ட பிள்ளையைப் பாண்டீஸ்வரி ஓடிப்போய்த் தூக்கினாள். அண்ணி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, பெறாதவள் கை படவேண்டாம் என்று சபையில் சொன்னாள்.

சாப்பிடாமல் இதே வண்டியில் திரும்பினோம். இனி அந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று அவள் கேட்காமலே நான் சத்தியம் செய்தேன். அந்தப் பிள்ளை முகத்திலேயே இனி முழிப்பதில்லை என்று அவளும் சொன்னாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படி.

நான்தான் அப்படி இல்லை.

அண்ணன் கருத்தக்கண்ணனுக்குக் கப்பலூர் கம்பெனியில் ஷிப்ட் மாறியது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஆள் இல்லை, ஒரே ஒரு வாரம் என்று போனில் கெஞ்சினான். அந்த ஒரு வாரம் எட்டு மாதமாக ஓடுகிறது.

வாசற்படியை இன்றுவரை மிதிக்கவில்லை. தெருமுனையோடு சரி. சத்தியத்துக்கு நடுவே இப்படி ஒரு சந்து கண்டுபிடித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணி பிள்ளையைத் தூக்கி டேங்க் மேல் வைப்பாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கிளம்பி நாலு வீடு தாண்டினால் சத்தம் ஆரம்பிக்கும். வண்டிக்குள் எலி இருக்கிறது சித்தப்பா என்று பிள்ளை சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் பாண்டீஸ்வரியின் நினைவு வந்து நெஞ்சு குறுகுறுக்கும். இது துரோகம்தான். தெரிந்தேதான் மறுநாளும் போனேன்.

லாசர் அண்ணன் கையைத் துடைத்தார். போர்க் நிஜமாகவே எங்காவது பிடித்தால் பிரேக் அடிக்கிற நேரத்தில் சிக்கி, முன்னால் தூக்கி எறிந்துவிடும் என்றார். இதில் அப்படி ஒன்றும் தெரியவில்லை, பயப்படாமல் ஓட்டு என்று சாவியை நீட்டினார்.

முன்னால் தூக்கி எறிந்தால் முதலில் போய் விழுவது நான் இல்லை.

மணி எட்டு இருபது. ஒன்பது மணிக்கு அண்ணி தெருமுனையில் நிற்பாள். பாண்டீஸ்வரியை இறக்கிவிட்டு வேறு மெக்கானிக்கைத் தேடலாம். அவனிடம் ஒரு பொய், இவளிடம் ஒரு பொய். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி எட்டு மாதம் இருந்து பார்த்துவிட்டேன். அலுத்துவிட்டது.

சாவியை வாங்காமல் நின்றேன்.

"முன்னால பிள்ளையை உக்கார வச்சா மட்டுந்தாண்ணே வருது. அண்ணன் மகளை."

பெஞ்சுப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ரோட்டில் ஒரு டவுன் பஸ் போனது.

லாசர் அண்ணனுக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கடிந்துகொண்டார். கையால் அமுக்கினால் போர்க் சட்டென்று இறங்கி ஏறிவிடுமாம். பிள்ளை உட்கார்ந்தால் முன்பாரம் கூடும், போர்க் ஒரு அரை இஞ்ச் இறங்கி அங்கேயே நின்று ஆடும், பைப்பில் அந்த இடத்தில்தான் ஏதோ உரசுகிறது என்றார். அதே பாரத்தை டேங்க் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும், கழற்றி அந்தப் பைப்பை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு சாக்கை எடுத்து, வாசலில் கிடந்த மணலை அள்ளிப் போட்டார். பிள்ளை எவ்வளவு கனம் இருக்கும் என்று என்னைக் கேட்டார்.

எட்டு மாதமாக இறக்கிவிடுகிறேன். எனக்குத் தெரியவில்லை. நாலு வயசு என்று மட்டும் சொன்னேன்.

"பதினாலே முக்கால்ணே" என்றாள் பாண்டீஸ்வரி.

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் மணல் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் எங்க கிளினிக்குக்கு ஊசி போட அவுக அப்பா கூட்டியாந்தப்ப நான்தான் எடை மிஷின்ல தூக்கி நிப்பாட்டுனேன். மாசாமாசம் நான்தான் பாக்குறேன். இப்ப பதினஞ்சுன்னே வச்சுக்கங்க."