பாலடினுக்குப் பூ கேட்ட கதை

"உன் கால்ல வேணா வுழறேன்டா. சார்சரரா, வார்லாக்கா? ஒண்ணைச் சொல்லித் தொலை!"

குரு பேனாவை மேசைமேல் விட்டெறிந்தான். மொரப்பூரில் அவனுடைய செல்போன் சர்வீஸ் கடையின் பின்னறை அது. ஞாயிற்றுக்கிழமையானால் நான்கு நண்பர்கள் உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை விளையாட்டில் ராட்சசர்களை வெட்டிச் சாய்க்கும் இடம். கதையை நடத்துகிறவன் குரு. அவன் உயிரை வாங்குகிறவன் தமிழ்மணி. மற்ற இரண்டு பேரும் வெறுத்துப்போய் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

விளையாட்டில் தமிழ்மணி ஒரு பாலடின். அதாவது, சாமிக்குச் சத்தியம் செய்துகொடுத்த போர்வீரன். இப்போது இன்னொரு வித்தையையும் சேர்த்துக்கொள்ளலாம். சார்சரர் என்றால் பிறவி மந்திரவாதி. வார்லாக் என்றால் பூதத்தோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் வாங்கியவன். இரண்டில் ஒன்றைச் சொல்ல மூன்று வாரமா ஒரு மனுஷனுக்கு?

"சார்சரர்னா அடி பலமா வுழும். வார்லாக்னா செலவான மந்திரம் சீக்கிரம் திரும்பி வந்துரும்" என்றான் தமிழ்மணி, இருபதாவது தடவையாக.

"வார்லாக்கே எடுடா. உனக்காக குகைக்குள்ள ஒரு பூதத்தை உக்கார வச்சு, ஒரு மாசமா எழுதிட்டு இருக்கேன்."

"சாமிக்கு சத்தியம் பண்ணவன் பூதத்தோட ஒப்பந்தம் போடலாமா? அதான் யோசனையா இருக்குது."

"யோசி, நல்லா யோசி! சட்டை எடுக்கப் போனா ஒரு மணி நேரம். பரோட்டாவா தோசையான்னு அரை மணி நேரம். உங்கம்மா எங்க வூட்டுக்கு வந்து சுகுணாவைப் பொண்ணு கேட்டு மூணு வாரம் ஆவுது. அவ அன்னிக்கே சரின்னுட்டா. நீதான் வாயைத் தொறக்கல. தெனமும் என் மூஞ்சியப் பாத்து, 'என்னண்ணா சொன்னாரு'ன்னு கேக்கறா. தங்கச்சிகிட்ட நான் என்னத்தடா சொல்றது?"

தமிழ்மணி தலையைக் குனிந்துகொண்டான். "அது வேற, இது வேறடா."

"சரி, இதையாவது முடி. பகடை உருட்டிடலாமா?"

"நீ அட்டை மறைப்புக்குப் பின்னால உருட்டி, வந்த நம்பரை மாத்திச் சொல்ற ஆளு. உன்னை எவன் நம்புவான்?"

"கதை நல்லா போவணும்னா மாத்தத்தான் வேணும்! என்னை நம்பலைன்னா மாரியம்மன்கிட்ட போயி பூ கேளு, போ!"

கிண்டலாகத்தான் சொன்னான். தமிழ்மணியோ எழுந்து செருப்பை மாட்டிவிட்டான்.

"டேய், அது கல்யாணம் பண்ணலாமா, கெணறு வெட்டலாமான்னு கேக்கறதுடா! வெள்ளைப் பூ வந்தா செய்யி, செவப்பு வந்தா வுட்டுடுன்னு அர்த்தம். வெளையாட்டுக்கா கேப்பாங்க?"

"அம்மன் மாத்திச் சொல்லமாட்டா. வா."

கோயில் நான்கு கடை தள்ளித்தான் இருந்தது. குருவுக்கு எப்படியாவது இது முடிந்தால் போதும் என்றிருந்தது. "வெள்ளைன்னா சார்சரர், செவப்புன்னா வார்லாக். அம்மன் சொன்னப்பறம் மறுபேச்சு கெடையாது, ஆமா!" என்றான்.

"சத்தியமா கெடையாது."

பூசாரி வேறு யாருக்கோ அர்ச்சனையில் இருந்தார். "நீங்களே பூவை மடிச்சுக் கொண்டாங்க" என்றுவிட்டார். குரு கோயில் மதிலோரத்து அரளிச் செடிகள் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்று, இலையில் இரண்டு பொட்டலம் மடித்து வந்தான். பூசாரி அவற்றை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, தட்டை நீட்டினார்.

தமிழ்மணி கண்ணை மூடிக் கும்பிட்டான். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. இதற்குமா யோசனை என்று குரு பல்லைக் கடித்தான்.

கடைசியில் தமிழ்மணி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். சிவப்பு.

குரு மற்றதைச் சட்டென்று எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "அப்பாடா! வார்லாக்! அம்மனே சொல்லிட்டா. வாடா, பூதம் காத்துட்டு இருக்குது."

தமிழ்மணி நகரவில்லை. கோயில் படியில் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது.

"என்னடா, சார்சரர் வரலைன்னா அழுவற?"

"பாலடின் கெடக்கறான்டா. எதை வேணா சேத்துக்க. அதுக்குப் போயி அம்மனைக் கேப்பாங்களா?"

"பின்ன எதுக்குடா கேட்ட?"

"சுகுணாவைக் கட்டிக்கட்டுமான்னு கேட்டேன். எனக்கு அவளை ரொம்பப் புடிக்கும்டா. ஆனா இவ்ளோ பெரிய முடிவை எப்படி எடுக்கறதுன்னுதான் பயந்துட்டு இருந்தேன். வெள்ளை வரும்னு நெனச்சேன்." சிவப்பு அரளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அம்மன் வேணாம்னுட்டா. மறுபேச்சு கெடையாது, நீயே சொன்ன."

குருவின் கை பாக்கெட்டுக்குள் போனது. அந்தப் பொட்டலத்தை அவன் பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. அதிலும் சிவப்பு அரளிதான்.