கிராணி நாற்காலி

“கிராணி வேலை கையில இருக்கிறவங்க யாராவது இருந்தா எந்திரிங்க,” என்றார் ராதாகிருஷ்ணன். ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மலாயாவில் கிராணி என்று பேர். அதைச் சொன்ன குரலில் அத்தனை வெறுப்பு. திருடனை அடையாளம் காட்டச் சொல்லும் போலீஸ்காரர்கூட இவ்வளவு கடுமையாகக் கேட்டிருக்க மாட்டார்.

கோலாலம்பூரில் அந்தக் கல்லூரி தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எந்த விஞ்ஞானத்தை எடுப்பது, எடுத்தால் என்ன வேலைக்குப் போவது என்று முதல் வருஷப் பையன்களுக்குச் சொல்ல, வெள்ளிக்கிழமைதோறும் காலையில் ஒரு பெரிய மனிதர் வருவார். போன வாரம் வந்தவர் கொசுவைப் பற்றியே பேசிப் பாதி வகுப்பைத் தூங்க வைத்தார். இந்த வாரம் ரசாயனம். சர்க்கார் லேபரட்டரிக்காரர் என்று பிரின்சிபால் அறிமுகப்படுத்திய ராதாகிருஷ்ணன், வியர்த்துக் கொட்டியும் கருப்புக் கோட்டைக் கழற்றாமல் நின்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஜெயராஜ் எழுந்தான். அவன் பேச்சைக் கேட்க வந்தவனே இல்லை. பெயரை வெட்டிக்கொண்டு சர்ட்டிபிகேட்டை வாங்கிப் போக வந்தவன். பேச்சு முடிந்தால்தான் கையெழுத்து என்று பிரின்சிபால் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

எந்த ஆபீஸ் என்று ராதாகிருஷ்ணன் கேட்டார். கிள்ளானில் ஓர் அரிசிக் கம்பெனி என்றான். எப்போது சேர வேண்டும்? இன்று நான்கு மணிக்குள். எந்தத் தெரு, பெரிய கிராணி யார், என்ன சம்பளம் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, வகுப்பு சிரித்தது. ஜெயராஜுக்குக் காது சிவந்தது.

அது ரப்பர் விலை விழுந்த 1932. ஆபீஸ் ஆபீஸாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அவன் அப்பா நாகையாவுக்கும் அடுத்த மாதம் ரயில்வேயில் சீட்டுக் கிழிந்துவிடும் என்று பேச்சு. அவர் ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் பெரிய கிராணி வீட்டுக்கு ஒரு கோழியோடு போய் வந்து பிடித்த வேலை அது. இருபத்தாறு கோழிகளின் கதையை ஜெயராஜ் வகுப்பில் சொல்லவில்லை.

“தம்பி, கிராணி நாற்காலி எப்படிப்பட்டதுன்னு தெரியுமா?” என்றார் ராதாகிருஷ்ணன். “அதுல உக்காந்தவன் எந்திரிக்கிறதே இல்ல. முப்பது வருஷமானாலும் அதே மைக்கூடு, அதே ஜன்னல்.”

பிறகு விஞ்ஞானத்துக்கு வந்தார். கண்ணாடிக் குழாயில் ரப்பர் பாலை ஊற்றி நாலு சொட்டுத் திராவகம் விட்டார். பால் உறைந்து கட்டியானது. தோட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதிதான். கோட்டுப் போட்டவர் செய்ததால் எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்த வருஷம் உங்கள் லேபரட்டரியில் எத்தனை பேரை எடுத்தார்கள் என்று ஒருவன் கேட்டான். ராதாகிருஷ்ணன் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். விஞ்ஞானத்தில் எண்ணிக்கை முக்கியமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த குழாயை எடுத்தார்.

பேச்சு முடிந்ததும் ஜெயராஜ் தானாகவே எழுந்து, வேலை வேண்டாம், ரசாயனமே படிக்கிறேன் என்றான். அவனுக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்திருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் ராதாகிருஷ்ணன் ஒரு தாளை நீட்டி, வேலை வேண்டாம் என்று பெரிய கிராணிக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். மிக நல்ல இங்கிலீஷ். வகுப்புக்கே அதை வாசித்துக் காட்டினார். பிரின்சிபால் மூக்கை உறிஞ்சினார்.

“நீ லேபுக்குப் போ தம்பி. இதை நானே சேர்த்துடுறேன்,” என்று கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். தபால் செலவுகூடத் தன் கையிலிருந்து செய்யும் மனிதர் என்று பையன்கள் மெச்சினார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீட்டில் நாகையா, மகனுக்காக இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையைக் கையில் ஏந்தியபடி காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட ஜெயராஜ் தாங்கியிருப்பான். கால்சட்டையை மெதுவாக மடித்து வைத்தார்.

“தபால் நாளைக்குத்தான் போகும். நாம இன்னைக்கே போயிடலாம், வா,” என்றார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்த ஜெயராஜ் மறுபேச்சுப் பேசாமல் மடித்த கால்சட்டையைப் பிரித்து மாட்டிக்கொண்டான். அவனுடைய விஞ்ஞானம் ஒன்றரை மணி நேரம் தாங்கியது.

கிள்ளானில் ரயிலிறங்கி ஓட்டமும் நடையுமாக ஆபீசை அடைந்தபோது மூன்றரை. பெரிய கிராணி வாசலிலேயே கையை விரித்தார். பையன் கடிதம் ஒரு மணிக்கே வந்துவிட்டதாம். நாற்காலிக்கும் ஆள் வந்தாயிற்றாம். நாலு மாதமாக வேலையில்லாமல் இருந்த மூன்று பிள்ளைக்காரர், பாவம், கேட்டதும் மறுக்க மனம் வரவில்லையாம்.

காலையில் எழுதிய கடிதம் எந்தத் தபாலில் வந்தது என்று புரியாமல் நாகையா விழித்தார். ஜெயராஜ் கதவுக்குள் எட்டிப் பார்த்தான்.

ஜன்னலோரம் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, மைக்கூட்டில் மை ஊற்றிக்கொண்டிருந்தார். நாற்காலி முதுகில் கருப்புக் கோட்டு தொங்கியது.

ராதாகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். முகம் கொஞ்சம் வெளுத்தது. ஆனால் கை மட்டும் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டது.

“காலையிலேயே சொன்னேனே தம்பி, இதுல உக்காந்தவன் எந்திரிக்கிறதில்லன்னு.”